சதுர அடி ரேட்டில் காணாமல் போகும் லாபம்

கட்டட வேலை: கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வருஷத்துக்கு நாலைந்து வீடு எடுத்துச் செய்யும் சிறு ஒப்பந்ததாரர்கள் எழுதியவை. திருச்சியைச் சுற்றி நானும் அதே தொழில்தான் செய்கிறேன் என்பதால், என் சைட்டுகளில் நடைமுறையில் உள்ளதை வைத்தே பதில் சொல்கிறேன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

சிவில் டிப்ளமோ முடித்து ஐந்து வருடமாகத் தனியாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். மெட்டீரியலோடு சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசித்தான் வேலை எடுக்கிறேன். வேலை நடக்கும்வரை கையில் பணம் புழங்குகிறது. சாவி கொடுத்த பிறகு கணக்குப் பார்த்தால் மிச்சமில்லை. ரேட்டை ஏற்றினால் பார்ட்டி வேறு ஆளிடம் போய்விடுகிறார். என்ன செய்வது?
– திண்டுக்கல் வாசகர்

தம்பி, ரேட்டில் கை வைப்பதற்கு முன்னால் உங்கள் ஒப்பந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். பேஸ்மென்ட், அதாவது தரைமட்டத்துக்கு மேல் வீட்டை உயர்த்தும் அடிப்பகுதி, எத்தனை அடி உயரம் என்று அதில் இருக்கிறதா? நம் தொழிலில் நிறையப் பேர் எழுதுவதில்லை. அங்கேதான் முதல் ஓட்டை.

30-க்கு 40 அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். 1,200 சதுர அடி. மூன்றடி பேஸ்மென்ட் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு ரேட் சொல்லியிருப்பீர்கள். வேலை ஆரம்பித்த பிறகு, "ரோடு உயரப் போகுதாம், நாலடியா ஏத்திடுங்க" என்பார் வீட்டுக்காரர். நீங்களும் சரி என்பீர்கள். வெளிச்சுவரின் சுற்றளவு 140 அடி. ஒன்பது இஞ்ச் சுவரை ஒரு அடி ஏற்றினால் 105 கன அடி கட்டு வேலை, நாட்டுச் செங்கலில் ஏறக்குறைய 1,300 கல். உள்சுவர் தனி. உள்ளே நிரப்ப, சுவர் போக, பத்து யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் நூறு கன அடி) கிராவல் வேண்டும். தண்ணீர் விட்டு இடித்தால் அது இறங்கும், மறுபடி கொட்ட வேண்டும். வெளிப்பூச்சு 140 சதுர அடி கூடுகிறது. வாசல் படியும் ஒன்றிரண்டு கூடும். இவ்வளவுக்குப் பிறகும் பில்லில் சதுர அடி அதே 1,200தான்.

அடுத்து, சின்ன வீட்டுக்கும் பெரிய வீட்டுக்கும் ஒரே ரேட் சொல்கிறீர்களா? 20-க்கு 30 அடி வீட்டில் 600 சதுர அடிக்கு வெளிச்சுவர் 100 அடி. அதாவது ஒரு அடி சுவருக்கு ஆறு சதுர அடிதான் கிடைக்கிறது. 1,200 சதுர அடி வீட்டில் ஒரு அடி சுவருக்கு எட்டரை சதுர அடிக்கு மேல் கிடைக்கிறது. சமையலறை, பாத்ரூம், செப்டிக் டேங்க், சம்ப், மோட்டார், தலைவாசல் கதவு இதெல்லாம் இரண்டு வீட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. வீட்டில் அதிகம் செலவு பிடிக்கும் இடங்களும் இவைதான். அதனால் பெரிய வீட்டின் ரேட்டைச் சின்ன வீட்டுக்குச் சொன்னால், வேலை எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் உங்கள் கைப்பணம்தான் போகும்.

இப்போது ரேட்டுக்கு வருவோம். அஸ்திவாரம் தொடங்கி பெயின்ட் வரை அளவெடுத்து மதிப்பீடு போடுங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் பிடிக்கும், பிடிக்கட்டும். அதோடு உங்கள் சம்பளம், பைக் பெட்ரோல், வாட்ச்மேன், சென்ட்ரிங் ஷீட் (காங்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கும் தகடு) தேய்மானம், கரண்ட் பில் எல்லாவற்றையும் செலவாகவே சேருங்கள். "என் சம்பளம்தான் லாபம்" என்று பலர் சொல்கிறார்கள். அப்படி நினைத்தால் நீங்கள் உங்களிடமே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மேஸ்திரி, அவ்வளவுதான். லாபம் என்பது உங்கள் சம்பளத்தையும் எடுத்த பிறகு தொழிலில் தங்குவது.

சதவீதக் கணக்கிலும் கவனம் வேண்டும். செலவு 20 லட்சம். 15 சதவீத லாபம் வேண்டும் என்று 3 லட்சம் சேர்த்து 23 லட்சம் கேட்கிறீர்கள். 23 லட்சத்தில் 3 லட்சம் என்பது 13 சதவீதம்தான். வாங்கும் தொகையில் 15 சதவீதம் நிற்க வேண்டுமானால் 20 லட்சத்தை 0.85-ஆல் வகுக்க வேண்டும். 23 லட்சத்து 53 ஆயிரம் வரும். அந்த 53 ஆயிரம் வேலை தொடங்கும் முன்பே போய்விட்ட பணம்.

ரேட்டை ஏற்றாமலும் வழி இருக்கிறது. இந்த ரேட்டில் பேஸ்மென்ட் மூன்றடி, ரூஃப் பத்தடி, டைல்ஸ் இந்த விலை வரை என்று எழுதுங்கள். காம்பவுண்டு, சம்ப், செப்டிக் டேங்க், போர்வெல், எலிவேஷன் வேலை தனி என்றும், பேஸ்மென்ட் ஒரு அடி கூடினால் எவ்வளவு, லாஃப்ட் ஒரு அடிக்கு எவ்வளவு என்றும் சேர்த்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இந்தத் தாளைப் பார்த்து ஒருவர் விலகிப் போனால் விடுங்கள். கடைசி பில்லின்போது தகராறு செய்திருக்கக்கூடியவர் அவர்தான்.

கொத்தனார்கள் முன்போல வேலை பார்ப்பதில்லை. கூலி மட்டும் ஏறுகிறது. நாள் கூலியை விட்டு எல்லாவற்றையும் அளவுக்கு, அதாவது முடித்த வேலையின் அளவுக்கு இவ்வளவு கூலி என்று, விட்டுவிடலாமா?
– கரூர் வாசகர்

முதலில் ஒரு காலைப்பொழுது முழுக்க, எட்டரையிலிருந்து பன்னிரண்டு வரை, சைட்டில் போன் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். கொத்தனார் எப்போதெல்லாம் கரண்டியைக் கீழே வைக்கிறார், ஏன் வைக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். கல் வரவில்லை, கலவை முடிந்துவிட்டது, சாரத்துக்குப் பலகை போதவில்லை, ஜன்னல் எங்கே வரும் என்று கேட்க மேஸ்திரி இல்லை. அவர் நிற்பதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம். இதில் எதையும் கொத்தனாரின் சோம்பல் என்று சொல்ல முடியாது.

ஒரு கொத்தனாருக்கும் இரண்டு ஆளுக்கும் சேர்த்து நாள் கூலி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் இப்படிப் போனால் 375 ரூபாய். ஐந்து ஜோடி வேலை செய்தால் ஒரு நாளைக்கு 1,875. மாதம் 24 வேலை நாளுக்கு 45,000 ரூபாய். கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்க மணிக்கணக்கில் பேரம் பேசுகிறோம், இந்தப் பணத்தை யாரும் கேட்பதில்லை.

என் சைட்டுகளில் ஒரே ஒரு கட்டாய வழக்கம் உண்டு. சாயங்காலம் ஆட்கள் கை கால் கழுவும் நேரத்தில் மேஸ்திரி மறுநாள் வேலையைச் சொல்லி, அதற்கு வேண்டியது எல்லாம் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். நாளைக்கு எந்தச் சுவர், கல் அந்தச் சுவர் பக்கமாக அடுக்கியிருக்கிறதா, நனைத்தாயிற்றா, சிமென்ட் எத்தனை மூட்டை இருக்கிறது, டிரம்மில் தண்ணீர் இருக்கிறதா, எலெக்ட்ரீஷியன் காடி வெட்டி முடித்தாரா? ஏதாவது குறைந்தால் அன்று ராத்திரியே எனக்கு போன் வரும். காலை ஒன்பது மணிக்கு வரும் போனால் பயனில்லை. அதற்குள் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

லாரி எங்கே கொட்டுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். ஜல்லியும் மணலும் தெருமுனையில், மிக்சர் பின்பக்கம் என்று இருந்தால், ஒரு சித்தாள் நாள் முழுக்கச் சுமந்துகொண்டே இருப்பார், சட்டி எண்ணிக்கை பாதிதான் வரும். பூமி பூஜைக்கு முன்பே ஒரு காகிதத்தில் மணல் எங்கே, கல் எங்கே, கம்பி வெட்டும் இடம் எங்கே என்று வரைந்துகொள்ளுங்கள்.

அளவுக்கு விடுவது பற்றிக் கேட்டீர்கள். கம்பி கட்டுவதை டன் கணக்கிலும், சென்ட்ரிங், டைல்ஸ், பெயின்டைச் சதுர அடிக் கணக்கிலும் விடலாம். பூச்சு வேலையை விடலாம், ஆனால் தினமும் மட்டக்கோல் வைத்துப் பார்க்க ஆள் வேண்டும். அஸ்திவாரம், காங்கிரீட், பாத்ரூம் நீர்க்காப்பு வேலை இவற்றை விடவே கூடாது. அவசரத்தில் செய்தால் கெட்டுப்போகும் வேலைகள் அவை. மண்ணுக்குள்ளும் டைல்ஸுக்கு அடியிலும் மறைந்துவிட்டால் பிறகு திருத்தவும் முடியாது.

இன்னொரு விஷயத்தை அழுத்தமாகவே சொல்கிறேன். சனிக்கிழமை சம்பளம் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகக் கூடாது. சைட்டில் பெண்களுக்கு ஒரு தகரக் கொட்டகையாவது கழிப்பிடமாக இருக்க வேண்டும். குடிக்க நல்ல தண்ணீர், சாப்பிட நிழல் வேண்டும். சித்திரை வைகாசியில் காலை ஏழு மணிக்கே ஆரம்பித்து உச்சி வெயிலில் வேலையை நிறுத்துங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் உங்கள் ஆட்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் நீங்களே உட்கார்ந்து பதிவு செய்து கொடுங்கள். அதற்கான 1 சதவீத வரி வேலைக்குத் தகுந்தபடி வசூலாகிக்கொண்டுதான் இருக்கிறது, அதன் பலன் அவர்கள் கைக்குப் போக வேண்டாமா? வடமாநிலத் தம்பிகள் ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊர் போவார்கள். தேதியை முன்பே கேட்டு, ரூஃப் வேலையை அந்த வாரத்தில் வைக்காதீர்கள். மரியாதையாக நடத்தப்பட்ட குழு திரும்பி உங்களிடமே வரும். புதுக் குழுவுக்கு நம் முறையைச் சொல்லிக்கொடுக்க ஆகும் வாரங்கள் மிச்சம்.

மணல், கம்பி, சிமென்ட் எல்லாமே மதிப்பீட்டைவிடக் கூடுதலாகத்தான் ஆகிறது. திருட்டா, சேதாரமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.
– தஞ்சாவூர் வாசகர்

திருட்டு என்று ஆட்களைச் சந்தேகிக்கும் முன் சுவரைச் சந்தேகியுங்கள். உள்பூச்சுக்கு 12 எம்.எம். கனம் கணக்குப் போடுகிறோம். கல்லுக்கட்டு தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்கவில்லையென்றால் அதை மறைக்கப் பூச்சு 20 எம்.எம். ஆகிவிடும். 3,000 சதுர அடிப் பூச்சில் இந்த 8 எம்.எம். வித்தியாசம், 1:5 கலவையில், பதிமூன்று பதினான்கு மூட்டை சிமென்டையும் 85 கன அடி மணலையும் விழுங்கும். அதைப் பூசக் கூலியும் கூடும். பூச்சுக் கொத்தனாரைத் திட்டி என்ன பயன்? கல்லுக்கட்டு நடந்த வாரத்தில் யாராவது தினமும் தூக்குக்குண்டு பிடித்திருக்க வேண்டும்.

மணலுக்கு வண்டி வந்ததும், கொட்டும் முன்பே டேப் போடுங்கள். நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி நூறால் வகுத்தால் யூனிட். 12-க்கு 7 அடிப் பெட்டியில் மூன்றடி நின்றால் 252 கன அடி, அதாவது இரண்டரை யூனிட். சீட்டில் மூன்று என்று இருந்தால் அங்கேயே பேச வேண்டும், கொட்டிய பிறகு பேச்சில்லை. ஈர மணல் உப்பும் என்பதையும் மறக்காதீர்கள். ஐந்து சதவீத ஈரத்தில் கால் பங்குவரைகூட உப்பும். நீங்கள் வாங்கும் அளவும் கலவைப் பெட்டியில் போடும் அளவும் இரண்டுமே பொய்யாகும்.

கம்பிக்கு விட்டத்தை எம்.எம்.மில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிலோவில் வரும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி 10.7 கிலோ. எடைமேடைச் சீட்டை இந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள். சில சதவீதம் கூடக்குறைய இருப்பதை ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தர விதியே அனுமதிக்கிறது, அதற்கு மேல் போனால் கடைக்காரரிடம் கேளுங்கள். சேதாரம் பெரும்பாலும் வெட்டுவதில் வருகிறது. மூன்றரை மீட்டர் துண்டு வேண்டும் என்று 12 மீட்டர் கம்பியை வெட்டினால் மூன்று துண்டு போக ஒன்றரை மீட்டர் மிஞ்சும். எட்டில் ஒரு பங்கு. கம்பி கட்டுபவரிடம் நீளப் பட்டியலை முன்பே கொடுத்தால் அந்த ஒன்றரை மீட்டரைப் படிக்கட்டிலும் சின்ன லிண்டலிலும் சேர்த்துவிடுவார். பட்டியல் இல்லையென்றால் அது மூலையில் கிடந்து பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

ரூஃப் போட்டு நாலாம் நாளே சென்ட்ரிங்கைப் பிரித்தால் அடுத்த சைட்டுக்குப் பயன்படும். பிரிக்கலாமா?
– விருதுநகர் வாசகர்

முட்டோடு (ஷீட்டைக் கீழிருந்து தாங்கும் கம்புகளோடு) பிரிக்கக் கூடாது. ஐ.எஸ். 456 விதிப்படி சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு, நாலரை மீட்டர் வரையுள்ள ஸ்லாபின் முட்டுகள் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இவை குறைந்தபட்ச நாட்கள். நாம் இப்போது அதிகம் வாங்கும் பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொஸோலானா சிமென்ட்) மெதுவாகப் பலம் பெறும், அதற்கு இன்னும் பொறுக்க வேண்டும். முட்டுகளை உடனே திரும்ப நிறுத்துவதாக இருந்தால் ஸ்லாப் ஷீட்டை 3 நாளில் எடுக்க அதே விதி இடம் தருகிறது. ஆனால் அதற்குத் தேர்ந்த ஆள் வேண்டும், உங்கள் இன்ஜினீயர் நின்று பார்க்க வேண்டும். ஷீட் வேகமாகச் சுற்ற வேண்டும் என்றால் இரண்டு சைட்டின் ரூஃப் தேதிகளை மூன்று வாரம் தள்ளி வையுங்கள், கூடுதல் முட்டுகளை வாடகைக்கு எடுங்கள். ஒரு ஷீட் வாடகையை மிச்சம் பிடிக்க ஒரு உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

சிமென்டுக்கு ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டதே, ரேட்டைக் குறையுங்கள் என்று பார்ட்டி கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
– சேலம் வாசகர்

2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது உண்மை. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்து 18 சதவீதம் பில் போடுபவரானால், சிமென்டுக்குக் கட்டிய வரியை ஏற்கெனவே உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் அடக்கவிலை மாறவில்லை, கையில் முடங்கும் பணம் மட்டும் குறைந்தது. பதிவு இல்லாதவருக்கு நேரடி மிச்சம், அதைப் பார்ட்டிக்குக் கொடுப்பதுதான் நியாயம். தனி வீடு ஒன்றுக்குக் கூலி மட்டும் பேசும் ஒப்பந்தத்துக்கு வரி கிடையாது. மெட்டீரியலோடு எடுத்து ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ரூஃப் முடிந்தும் பணம் வரவில்லை. அடுத்த சைட்டின் அட்வான்ஸை எடுத்து இங்கே போட்டுச் சமாளிக்கிறேன். எப்படி மீள்வது?
– நாகர்கோவில் வாசகர்

இந்தத் தொழிலில் ஆட்களை முடிப்பது இதுதான், அதனால் கவலையோடு எழுதுகிறேன். இன்றைக்கே ஒவ்வொரு சைட்டுக்கும் தனி வங்கிக் கணக்கு, இல்லையென்றால் தனி நோட்டாவது போடுங்கள். எந்த சைட் எந்த சைட்டுக்கு எவ்வளவு கடன் என்று எழுதினால் உண்மையான நிலை தெரியும். அந்தக் கடன் தீரும்வரை புது வேலைக்கு அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

இனி எடுக்கும் வேலைகளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் அந்தக் கட்டம் தொடங்கும் முன் வரும்படி பேசுங்கள். கம்பி இறங்கும் முன்பே ரூஃப் பணம் வந்திருக்க வேண்டும். வீட்டுக்கடன் வாங்குபவர் என்றால், வங்கி முடிந்த வேலையைப் பார்த்த பிறகுதான் பணம் விடுவிக்கும். இடையில் வரும் அந்த வாரங்களுக்கு யார் பணம் போடுவது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கடைசித் தவணை ஐந்து சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கிரகப்பிரவேசம் முடிந்த பிறகு பெரிய தொகையைக் கேட்டு வாங்குவது கஷ்டம்.

ஆடியிலும் மார்கழியிலும் புது வேலை ஆரம்பிக்காது என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஐப்பசி மழையும் அப்படித்தான். புரட்டாசிக்குள் ரூஃபை முடித்து, மழை நாட்களை உள்பூச்சுக்கும் எலெக்ட்ரிகல் வேலைக்கும் ஒதுக்கினால் ஆட்களுக்கும் வேலை இருக்கும், உங்களுக்கும் பில் போட ஒரு கட்டம் இருக்கும்.

என் கணவர் ஒப்பந்ததாரர். கணக்கு எழுதுவது நான். வரவு செலவு மட்டும் எழுதுகிறேன். வேலை லாபத்தில் போகிறதா என்று நடுவிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– புதுக்கோட்டை வாசகி

உண்டு அம்மா. செலவை மட்டும் எழுதினால் பணம் போனது தெரியும், அதற்கு என்ன வேலை நடந்தது என்று தெரியாது. சனிக்கிழமை கூலி கொடுக்கும் முன் அந்த வாரம் முடிந்த வேலையை அளந்து தரச் சொல்லுங்கள். இவ்வளவு கன அடி கல்லுக்கட்டு, இவ்வளவு சதுர அடிப் பூச்சு. வாரக் கூலியை அந்த அளவால் வகுங்கள். மதிப்பீட்டில் பூச்சுக்குச் சதுர அடிக்கு 30 ரூபாய் கூலி போட்டிருந்து இந்த வாரம் 38 வந்தால், திங்கட்கிழமை காலையே காரணம் கேட்கலாம். சாவி கொடுத்த பிறகு தெரிந்து என்ன செய்ய முடியும்? சிமென்டுக்கும் அப்படித்தான், மூட்டை எண்ணிக்கையை அளவோடு சேர்த்துப் பாருங்கள்.

வீட்டுக்காரர் கூடுதலாகக் கேட்ட வேலைகளுக்கு ஒரு பக்கம் தனியாக ஒதுக்குங்கள். அன்று சாயங்காலமே, "நீங்கள் சொன்ன லாஃப்ட், இவ்வளவு தொகை, நாளை ஆரம்பிக்கிறோம்" என்று அவருக்கு வாட்ஸ்அப் அனுப்பி, அவர் சரி என்று பதில் போட்ட பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். உங்கள் கணவர் சைட்டில் முகம் பார்த்துப் பேச வேண்டியவர், அவருக்குச் சங்கடமாக இருக்கலாம். கணக்கு எழுதும் நீங்களே அனுப்பினால் யாருக்கும் வருத்தமில்லை.

இன்னொன்று, நீங்கள் பார்க்கும் இந்த வேலைக்கு மாதச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்து, சைட்டுகளுக்குப் பிரித்து, செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு கணக்கரை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அந்தத் தொகை. அடுத்த வீட்டுக்கு ரேட் சொல்லும்போது அதுவும் உள்ளே இருக்க வேண்டும்.